வீட்டுத் தவணை நான்கு மாதப் பாக்கி (டெக்சாஸ்): ஏலத்துக்கு முன் என்ன வழி?

தூக்கணாங்குருவி | செப்டம்பர் 8, 2025, இரவு 11:40

வணக்கம். இங்கே வருடக்கணக்காகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. டாலஸ் பக்கம் இருக்கிறோம். பிப்ரவரியில் வேலை போனது. சேமிப்பைக் கரைத்து மே மாதம் வரை மார்ட்கேஜ் கட்டினேன். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்றும் கட்டவில்லை. ஆகஸ்ட் கடைசியில் வேறு வேலை கிடைத்தது, சம்பளம் கொஞ்சம் குறைவு. இனிமேல் மாதாமாதம் கட்டிவிடுவேன். பாக்கியை மொத்தமாகக் கட்டத்தான் வழியில்லை. போன வாரம் ஒரு மாதத் தவணையை அனுப்பிப் பார்த்தேன், அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நேற்று மாலை வீட்டுக்கு எதிரே ஒரு கார் வந்து நின்றது. உள்ளே இருந்தபடியே ஒருவர் எங்கள் வீட்டைப் போட்டோ எடுத்தார். என் மகள் அவரைப் பார்த்துக் கை ஆட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அதிலிருந்து தூக்கம் இல்லை.

அப்பாவிடம் ஃபோனில் "ஃபோர்குளோஷர் வந்துடும் போலிருக்குப்பா" என்றேன். "நல்லதுதானேடா, வட்டி மிச்சம்" என்றார். ஊரில் வங்கிக்காரர்கள் கடனைக் கெடுவுக்கு முன்பே அடைத்து முடிப்பதைத்தானே அப்படிச் சொல்கிறார்கள்! இங்கே அது வீட்டையே எடுத்து ஏலம் விடுவது என்று விளக்கிச் சொல்ல மனம் வரவில்லை. ஆமாப்பா என்று சொல்லி வைத்துவிட்டேன்.

எத்தனை நாளில் வீட்டை எடுப்பார்கள்? அரசு உதவி ஏதாவது உண்டா? டிராயரில் ஒரு கட்டுக் கடிதம் பிரிக்காமல் கிடக்கிறது. தயவுசெய்து திட்டாதீர்கள்.

---

ராத்திரிஷிஃப்ட் | செப்டம்பர் 9, அதிகாலை 1:15

பயப்படாதீங்க பாஸ். ஒன்றும் கட்டாமல் பணத்தைச் சேர்த்து வையுங்கள். கோர்ட், கேஸ் என்று இரண்டு மூன்று வருடம் இழுக்கும். நியூயார்க்கில் என் நண்பர் ஒருவர் அப்படித்தான் இருந்தார், ஒருவரும் வெளியே அனுப்பவில்லை.

---

கறுப்புப்பேனா | செப்டம்பர் 9, காலை 7:05

மேலே சொன்னதை டெக்சாஸ்காரர் யாரும் கேட்டுவிடாதீர்கள். நான் ஆறு வருடம் ஒரு மார்ட்கேஜ் சர்வீசரில் (வீட்டுக்கடன் தவணையை வசூலிக்கும் நிறுவனம்) இந்தப் பிரிவில்தான் வேலை பார்த்தேன். இப்போது வீட்டுக்கடன் ஆலோசகராக இருக்கிறேன்.

நியூயார்க்கில் கடன் கொடுத்தவர் கோர்ட்டுக்குப் போய்த்தான் வீட்டை எடுக்க முடியும். வழக்குப் போடுவதற்கு முன்பே 90 நாள் நோட்டீஸ் தர வேண்டும், போட்ட பிறகு நீதிமன்றத்திலேயே சமரசக் கூட்டம் உண்டு. அதனால் இழுக்கும். டெக்சாஸில் சாதாரண வீட்டுக் கடனுக்குக் கோர்ட்டே கிடையாது. பாக்கியைக் கட்டச் சொல்லி 20 நாள் அவகாசத்தோடு ஒரு நோட்டீஸ். அதற்கப்புறம் ஏலத்துக்குக் குறைந்தது 21 நாள் முன்னால் இன்னொரு நோட்டீஸ். மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஏலம். அவ்வளவுதான். ஏலம் முடிந்தபின் பணத்தைக் கட்டி வீட்டை மீட்கும் உரிமையும் இந்த வகைக் கடனுக்கு அங்கே இல்லை.

தூக்கணாங்குருவி, உங்கள் கணக்கில் ஒரு திருத்தம். செப்டம்பர் 1 தவணையும் கட்டவில்லை அல்லவா? அப்படியானால் பாக்கி நான்கு. ஜூன் 1-இலிருந்து எண்ணினால் நேற்று 99-ஆவது நாள். இந்த எண் ஏன் முக்கியம் என்றால், பாக்கி 120 நாளைத் தாண்டும்வரை ஏல நோட்டீஸைத் தரக்கூடாது என்று மத்திய விதி இருக்கிறது (அந்த 20 நாள் நோட்டீஸ் அதற்கு முன்பே வரலாம்). உங்களுக்கு அந்த 120-ஆவது நாள் செப்டம்பர் 29.

அதற்குள் லாஸ் மிட்டிகேஷன் விண்ணப்பம் (வீட்டை எடுக்காமல் வேறு சலுகை கேட்பது) *முழுமையாக* அவர்கள் கைக்குப் போய்விட்டால், அதைப் பரிசீலித்துப் பதில் சொல்லும்வரை ஃபோர்குளோஷரை ஆரம்பிக்க முடியாது. பிறகு அனுப்பினாலும் ஒரு பாதுகாப்பு உண்டு. ஏலத் தேதிக்கு 37 நாளுக்கு மேல் இருக்கும்போதே முழு விண்ணப்பம் போயிருந்தால், பதில் சொல்லாமல் ஏலம் விடக்கூடாது.

இங்கேதான் டெக்சாஸ்காரர்கள் மாட்டுகிறார்கள். ஏல நோட்டீஸுக்கு 21 நாள் போதும், பாதுகாப்புக்கோ 37 நாள் வேண்டும். நோட்டீஸ் வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவருக்கு, நோட்டீஸ் கைக்கு வரும்போது அந்தக் கதவு பெரும்பாலும் மூடியிருக்கும். நான் வேலை பார்த்த ஆறு வருடத்தில் இதைச் சொல்லி அழுதவர்கள் ஏராளம். அழுதவர்களில் ஒருவரும் சோம்பேறி இல்லை. ஏல நோட்டீஸைத்தான் முதல் எச்சரிக்கை என்று நினைத்துவிட்டார்கள்.

உங்கள் விஷயத்தில் மிகச் சீக்கிரமாக ஏலம் வரக்கூடிய நாள் நவம்பர் 4. அதிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொள்ளுங்கள்: செப்டம்பர் 27. இந்தத் தேதியை ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டுங்கள். முதல் வேலையாக அந்தக் கடிதங்களைப் பிரியுங்கள். திட்ட மாட்டோம்.

---

தூக்கணாங்குருவி | செப்டம்பர் 9, இரவு 9:50

அக்கா, ரொம்ப நன்றி. மனைவியும் நானும் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்தோம். மொத்தம் பதினேழு. அதில் ஒன்பது மாதாந்திர ஸ்டேட்மென்ட். இரண்டு, கூரை மாற்றித் தரும் விளம்பரம். ஜூலை நடுவில் வந்த ஒன்றில் "உங்களுக்கு இருக்கும் வழிகள்" என்று விண்ணப்பப் படிவத்தோடு எல்லாமே இருந்தது. அதைப் பிரிக்காமலே எட்டு வாரம் பயந்துகொண்டிருந்திருக்கிறேன்.

போட்டோ எடுத்தவர் யார் என்றும் தெரிந்துவிட்டது. ஆகஸ்ட் ஸ்டேட்மென்டிலேயே "சொத்து ஆய்வுக் கட்டணம் 20 டாலர்" என்று போட்டிருக்கிறார்கள். போட்டோ எடுத்ததற்கு நான்தான் காசு கொடுக்க வேண்டுமாம்!

---

கறுப்புப்பேனா | செப்டம்பர் 10, காலை 6:40

ஆமாம், வீட்டில் ஆள் இருக்கிறார்களா, கண்ணாடி உடைந்திருக்கிறதா என்று பார்க்க ஒப்பந்தக்காரரை அனுப்புவார்கள். ஏலத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. தூங்குங்கள்.

ஜூலை கடிதமும் சட்டப்படி வந்ததுதான். தவணை தவறிய 36-ஆவது நாளுக்குள் உங்களிடம் நேரிலோ ஃபோனிலோ பேச முயல வேண்டும், 45-ஆவது நாளுக்குள் வழிகளைச் சொல்லிக் கடிதம் அனுப்ப வேண்டும். தெரியாத எண் என்று எடுக்காமல் விட்ட ஃபோன்களில் சில அவர்களுடையதாக இருந்திருக்கும்.

அடுத்தது, உங்கள் கடன் *யாருடையது* என்று பாருங்கள். ஸ்டேட்மென்டில் பேர் இருக்கும் நிறுவனம் வசூல்காரர் மட்டும்தான். பின்னால் ஃபேனி மே இருக்கலாம், ஃப்ரெடி மேக் இருக்கலாம் (இரண்டும் வீட்டுக்கடன்களை வாங்கிக்கொள்ளும் பெரிய நிறுவனங்கள்). இருவருடைய இணையதளத்திலும் முகவரி கொடுத்துத் தேடலாம், இரண்டு நிமிட வேலை. ஸ்டேட்மென்டில் மாதாமாதம் எஃப்.எச்.ஏ. காப்பீட்டுத் தொகை பிடித்திருந்தால் அது எஃப்.எச்.ஏ. கடன், அதாவது மத்திய வீட்டுவசதி நிர்வாகம் காப்பீடு செய்தது. என்னென்ன சலுகை கிடைக்கும் என்பது இதைப் பொறுத்துத்தான். ஃபோனில் பேசும் பையனுக்கு இது தெரிந்திருக்கும் என்று நம்பாதீர்கள்.

---

ஹட்சன்கரை | செப்டம்பர் 10, மதியம் 12:30

நியூஜெர்சியிலிருந்து ஒரு கிழவன். 2010-இல் இதே குழியில் விழுந்து எழுந்தவன்.

அப்போது தவணையைக் குறைத்துக் கொடுக்கும் ஒபாமா அரசின் ஹேம்ப் திட்டம் புதிது, 2009-இல் வந்தது. விண்ணப்பித்தேன். சம்பளச் சீட்டு அனுப்பு என்றார்கள், அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து, சீட்டு பழையதாகிவிட்டது, புதியது அனுப்பு. அனுப்பினேன். ஃபேக்ஸ் வரவில்லை, மறுபடி அனுப்பு. ஒரே காகிதத்தை ஏழு தடவை அனுப்பியிருக்கிறேன். ஒரு பக்கம் "உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில்" என்று கடிதம், மறுபக்கம் அதே நிறுவனத்தின் வக்கீலிடமிருந்து ஷெரிஃப் ஏலத் தேதி. இரண்டும் ஒரே நாளில் தபால் பெட்டியில் கிடந்தன. பேர் சொல்ல விரும்பவில்லை. அப்போது நிறையப் பேர் அதைத்தான் செய்தார்கள். 2012-இல் 49 மாநிலங்களும் மத்திய அரசும் சேர்ந்து ஐந்து பெரிய சர்வீசர்களோடு 2,500 கோடி டாலர் அளவுக்கு உடன்பாடு போட வேண்டிவந்தது சும்மா இல்லை.

கறுப்புப்பேனா சொல்லும் 120, 37 எல்லாம் 2014 ஜனவரியிலிருந்து நடைமுறைக்கு வந்தவை. எங்களைப் போன்றவர்கள் பட்ட பாட்டில் வந்த விதிகள், தம்பி. பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

ஒரு யோசனை. எதை அனுப்பினாலும் ரசீது வேண்டும். இணையதளத்தில் ஏற்றினால் திரையைப் படம் பிடியுங்கள். தபால் என்றால் சர்டிஃபைட் மெயில், திரும்பி வரும் அட்டையோடு. அந்த அட்டையும் பச்சை நிறம்தான். இந்த நாட்டில் நான் இரண்டு பச்சை அட்டைக்காகத் தபால் பெட்டியைப் பார்த்துப் பார்த்து ஏங்கியிருக்கிறேன். முதலாவதைவிட இரண்டாவது வந்த அன்றுதான் நன்றாகத் தூங்கினேன்.

---

வீடுமீட்பர் | செப்டம்பர் 10, மாலை 4:12

[இந்தப் பதிவு மட்டுறுத்துநரால் நீக்கப்பட்டது]

---

மட்டுறுத்துநர் | செப்டம்பர் 10, மாலை 4:31

மேலே உள்ள நபர், 2,500 டாலர் முன்பணம் கொடுத்தால் 'உத்தரவாதமாக' வீட்டைக் காப்பாற்றித் தருவதாகவும், சர்வீசரிடம் இனிப் பேச வேண்டாம் என்றும் எழுதியிருந்தார். தனிமடலில் யாருக்காவது வந்திருந்தால் எனக்கு அனுப்புங்கள்.

---

கறுப்புப்பேனா | செப்டம்பர் 10, இரவு 8:20

நல்ல வேலை செய்தீர்கள். இப்படிப்பட்ட நிறுவனங்கள், கடன் கொடுத்தவரிடமிருந்து எழுத்தில் ஒரு சலுகையை வாங்கித் தந்து அதை நீங்கள் ஏற்றுக்கொண்ட பிறகுதான் ஒரு சென்டாவது வாங்கலாம். முன்பணம் கேட்பதே விதிமீறல். வக்கீல்களுக்கு மட்டும் சில நிபந்தனைகளோடு விலக்கு உண்டு.

இன்னும் மோசமான ரகம் ஒன்று: "வீட்டுப் பத்திரத்தைத் தற்காலிகமாக எங்கள் பெயருக்கு மாற்றுங்கள், நீங்கள் வாடகைக்கு இருங்கள், நிலைமை சரியானதும் திருப்பித் தருகிறோம்." வீடு போய்விடும், கடன் மட்டும் உங்கள் பெயரில் நிற்கும். நம் ஆட்கள் நம் மொழியிலேயே வந்து பேசுவார்கள், அதனால்தான் எளிதில் ஏமாறுகிறோம்.

ஹட் (மத்திய வீட்டுவசதித் துறை) அங்கீகரித்த ஆலோசகர்கள் இந்த வேலையை இலவசமாகச் செய்கிறார்கள். 888-995-4673, நாள் முழுவதும் எடுப்பார்கள். உங்களோடு உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பி, சர்வீசரை மூவர் அழைப்பில் பிடித்துப் பேசுவார்கள். நானும் அப்படி ஒரு இடத்தில்தான் இருக்கிறேன். ஆனால் இந்த இழையில் இருந்து யாரையும் நான் எடுத்துக்கொள்ள மாட்டேன், அது சரியில்லை. உங்கள் மாநிலத்தில் இருப்பவரைப் பிடியுங்கள்.

அரசு உதவிப் பணம் பற்றிக் கேட்டீர்கள். கோவிட் சமயத்தில், 2021 மீட்புத் திட்டச் சட்டத்தில், கிட்டத்தட்ட 1,000 கோடி டாலர் ஒதுக்கி மாநிலங்கள் வழியாகப் பாக்கியை அடைத்துக் கொடுத்தார்கள். டெக்சாஸ் உட்படப் பெரும்பாலான மாநிலங்களில் புது விண்ணப்பம் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். இன்னமும் அதைக் காட்டி விளம்பரம் செய்கிறவர்களை நம்ப வேண்டாம்.

---

சின்னப்பொண்ணு76 | செப்டம்பர் 11, காலை 10:05

இழையைக் கடத்துவதற்கு மன்னிக்கவும், எனக்கும் இதே கவலை. அட்லாண்டா. எஃப்.எச்.ஏ. கடன், வட்டி 3 சதவீதம். அறுவை சிகிச்சையால் ஐந்து மாதம் சம்பளம் இல்லை. இப்போது வேலைக்குத் திரும்பிவிட்டேன். சர்வீசர் "மாடிஃபிகேஷன்" (கடன் நிபந்தனைகளை மாற்றி எழுதுவது) கொடுக்கிறார்களாம், ஃபோனில் அந்தப் பெண் வாழ்த்துக்கள் என்று சொல்கிறாள். ஆனால் வட்டி 6 சதவீதத்துக்கு மேல் என்று எழுதியிருக்கிறது. இதற்கு எதற்கு வாழ்த்து?

---

கறுப்புப்பேனா | செப்டம்பர் 11, மதியம் 1:15

கையெழுத்துப் போடாதீர்கள், சின்னப்பொண்ணு. எஃப்.எச்.ஏ. மாடிஃபிகேஷனில் வட்டி அன்றைய சந்தை நிலவரத்துக்குப் போகும். உங்களைப் போல் பழைய குறைந்த வட்டியில் இருப்பவருக்கு அது உதவி மாதிரி வரும் உபத்திரவம். வருமானம் திரும்பி வந்துவிட்டது, பழைய தவணையைக் கட்ட முடியும் என்றால், முதலில் கேட்க வேண்டியது *பார்ஷியல் கிளெய்ம்*. பாக்கியை மட்டும் எடுத்து, வட்டியில்லாத தனிக் கடனாக வீட்டின் மேல் இரண்டாவதாக எழுதிவிடுவார்கள். அசல் பாக்கியில் 30 சதவீதம் வரை போகலாம். வீட்டை விற்கும்போதோ, ரீஃபைனான்ஸ் செய்யும்போதோ, முதல் கடன் முடியும்போதோ கொடுத்தால் போதும். உங்கள் 3 சதவீதம் அப்படியே இருக்கும்.

"பழைய தவணையை என்னால் கட்ட முடியும், பார்ஷியல் கிளெய்ம் மட்டும் ஏன் கொடுக்கவில்லை என்று எழுத்தில் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். முன்பே ஒரு தடவை வாங்கியிருக்கிறீர்களா? அதையும் சொல்லுங்கள், இனி இரண்டு வருடத்துக்கு ஒரு தடவைதான் என்று இறுக்குகிறார்கள்.

---

சின்னப்பொண்ணு76 | செப்டம்பர் 11, மதியம் 1:40

கோவிடில் வாங்கவில்லை. சரி, இன்றைக்கே எழுதுகிறேன். வாழ்த்துச் சொன்ன பெண்ணுக்கும் ஒரு நகல்.

---

ஆரஞ்சுத்தோப்பு | செப்டம்பர் 11, இரவு 10:30

விற்பதைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் சொல்கிறேன். கலிஃபோர்னியாவில் நாங்கள் போன வருடம் விற்றோம். திரும்ப வேலை கிடைக்காத நிலைமை. ஏதேதோ மனு போட்டு எட்டு மாதம் தள்ளியிருக்கலாம், ஆனால் தள்ளும் ஒவ்வொரு மாதமும் வட்டி, அபராதம், வக்கீல் கட்டணம் என்று வீட்டில் இருக்கும் நம் பங்கைத் தின்றுகொண்டே இருக்கும். ஏலத்தில் வரும் விலைக்கும் முறையாக விற்று வரும் விலைக்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

இங்கே பாக்கி நோட்டீஸைக் கவுண்டியில் பதிவு செய்கிறார்கள். பொது ஆவணம். பதிவான மறுவாரமே தபால் பெட்டி நிரம்பியது: "உங்கள் வீட்டை ரொக்கத்துக்கு வாங்குகிறோம்". கையால் எழுதியது போலவே அச்சடித்த மஞ்சள் காகிதம். ஒருவர் நேரில் வந்து காலிங் பெல் அடித்தார். "உங்கள் பாக்கியை அடைத்து, கைச்செலவுக்கு 10,000 தருகிறேன்" என்றார். வீட்டில் எங்கள் பங்கு அதைப் போல் பதினைந்து மடங்கு இருந்தது.

நோட்டீஸ் பதிவானதும் மூன்று மாதம் அவகாசம் உண்டு, அதற்கப்புறம்தான் ஏல அறிவிப்பு. அந்த மூன்று மாதத்தில் ஏஜென்ட் வைத்து விற்று முடித்தோம். கடன் போக மீதியை எடுத்துக்கொண்டு வாடகை வீட்டுக்கு வந்தோம். வாடகை வீட்டுக்குப் போவது குடும்பத்துக்கே தலைகுனிவு என்று என் மாமியார் ஒரு வாரம் பேசவில்லை. இப்போது இந்த வீட்டுப் பால்கனியை விட்டு நகர மாட்டேன் என்கிறார்.

---

ராத்திரிஷிஃப்ட் | செப்டம்பர் 12, அதிகாலை 2:05

நான் முதலில் சொன்னது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஒரு சந்தேகம். எச்1பி-யில் வேலை போய், அந்த 60 நாளுக்குள் வேறு வேலை கிடைக்காமல் ஊருக்குக் கிளம்புகிறவர்கள், சாவியைத் தபாலில் போட்டுவிட்டுப் போய்விட்டால் என்ன ஆகும்? நண்பருக்காகக் கேட்கிறேன். (உண்மையிலேயே நண்பர்தான்.)

---

ஹட்சன்கரை | செப்டம்பர் 12, காலை 8:45

விசா போனால் வீடு போகாது. சொந்தமாக வைத்துக்கொள்ள விசா தேவையில்லை. வாடகைக்கு விடலாம், பவர் ஆஃப் அட்டர்னி கொடுத்து அங்கிருந்தே விற்கலாம். சாவியைப் போட்டுவிட்டுப் போனால் கடன் போகாது. ஏலத்தில் கடனுக்குக் கீழே விலை போனால், மீதிக்கு டெக்சாஸில் இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம். கலிஃபோர்னியாவில் வீடு வாங்க எடுத்த முதல் கடனுக்கு அப்படித் துரத்த முடியாது. உண்மையிலேயே கைவிடத்தான் வேண்டும் என்றால் அதற்கும் முறை இருக்கிறது: வங்கியின் ஒப்புதலோடு கடனைவிடக் குறைந்த விலைக்கு விற்பது, அல்லது பத்திரத்தை அவர்களிடமே எழுதிக் கொடுப்பது. மீதியைக் கேட்க மாட்டோம் என்று அந்த ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும். வாயால் சொன்னது எதுவும் செல்லாது.

அப்புறம் கடைசி ஆயுதம், திவால் சட்டத்தின் 13-ஆம் அத்தியாயம். பெயரைக் கேட்டதும் நம்மவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். என்னைக் காப்பாற்றியது அதுதான். மனுவைப் பதிவு செய்த நிமிடத்திலிருந்து ஏலம் நிற்கும். ஏலம் *முடிந்த* பிறகு மனுப் போட்டுப் பயனில்லை. பாக்கியை மூன்றிலிருந்து ஐந்து வருடத்தில் பிரித்துக் கட்டலாம், ஆனால் நடப்புத் தவணையையும் கூடவே கட்டியாக வேண்டும். அதனால் வருமானம் இல்லாதவருக்கு இது உதவாது. மனுவுக்கு முன்பே ஒரு ஆலோசனை வகுப்பை முடித்திருக்க வேண்டும், கடைசி நாள் காலையில் ஓடுகிறவர்கள் பலர் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள். ஐந்து வருடம் கட்டினேன். 2016-இல் முடிந்தது. என் சொந்தத் தம்பிக்கு இன்றுவரை தெரியாது. இங்கே புனைபெயர் என்பதால் எழுதுகிறேன்.

---

தூக்கணாங்குருவி | செப்டம்பர் 12, இரவு 11:15

எங்கள் கடன் ஃபேனி மே. இன்று விண்ணப்பம் ஏற்றிவிட்டேன். கஷ்டக் கடிதம் எழுத மூன்று இரவு ஆனது. முதல் தடவை இரண்டு பக்கம் எழுதினேன், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியது வரைக்கும் வந்துவிட்டது. மனைவி வாங்கிப் படித்துவிட்டு ஆறு வரியாக்கினாள்: எப்போது வேலை போனது, எப்போது கிடைத்தது, இப்போது சம்பளம் எவ்வளவு, மாதத் தவணை கட்ட முடியும், பாக்கி கட்ட முடியாது, வீட்டை வைத்துக்கொள்ள விரும்புகிறோம்.

---

கறுப்புப்பேனா | செப்டம்பர் 13, காலை 7:30

உங்கள் மனைவியை எங்கள் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். அந்த ஆறு வரிதான் வேண்டும்.

ஃபேனி மே என்றால் *பேமென்ட் டெஃபரல்* என்று கேளுங்கள். இரண்டிலிருந்து ஆறு மாதம் வரை பாக்கி உள்ளவர்களுக்கு, கஷ்டம் தீர்ந்து பழைய தவணையைத் தொடர முடிகிறவர்களுக்கு. பாக்கியை வட்டியில்லாமல் கடனின் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள். உங்கள் நிலைமைக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி. அது கிடைக்காவிட்டால் ஃப்ளெக்ஸ் மாடிஃபிகேஷன், தவணையைக் குறைக்கக் காலத்தை 40 வருடம் வரை நீட்டுவார்கள்.

ஐந்து வேலை நாளுக்குள் ஒரு கடிதம் வரும், என்ன குறைகிறது என்று. *அதைப் பிரியுங்கள்.*

---

தூக்கணாங்குருவி | செப்டம்பர் 18, இரவு 9:00

வந்தது, அன்றே பிரித்தேன். குறை: வங்கி ஸ்டேட்மென்டின் நான்காம் பக்கம். அக்கா, அந்தப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. "இந்தப் பக்கம் வேண்டுமென்றே காலியாக விடப்பட்டது" என்று ஒரே ஒரு வரி. காலிப் பக்கம் எதற்கு என்று அனுப்பவில்லை.

---

கறுப்புப்பேனா | செப்டம்பர் 18, இரவு 9:10

1/4 என்று போட்டிருந்தால் நான்கும் வேண்டும், காலியோ கோலமோ. இதற்காக விண்ணப்பம் "முழுமையற்றது" என்று கிடந்து ஏலம் வரை போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இன்றிரவே ஏற்றுங்கள்.

---

தூக்கணாங்குருவி | செப்டம்பர் 24, மாலை 6:20

"உங்கள் விண்ணப்பம் முழுமையாகக் கிடைத்தது" என்று கடிதம். 27-க்கு மூன்று நாள் மிச்சம். ஃப்ரிட்ஜிலிருந்த காகிதத்தை மகள் கிழித்து விமானம் செய்துவிட்டாள்.

---

சின்னப்பொண்ணு76 | அக்டோபர் 6, காலை 11:25

பார்ஷியல் கிளெய்ம் கிடைத்துவிட்டது! முதலில் கேட்டபோது அப்படி ஒன்று இல்லவே இல்லை என்றார்கள். எழுத்தில் காரணம் கேட்டதும் வேறொருவர் அழைத்தார், பேச்சே மாறிவிட்டது. வட்டி 3 சதவீதம் அப்படியே. நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். கறுப்புப்பேனா அக்கா, நீங்கள் எந்த ஊராக இருந்தாலும் நன்றாயிருங்கள்.

---

தூக்கணாங்குருவி | அக்டோபர் 20, இரவு 10:10

டெஃபரல் ஒப்புதல் வந்துவிட்டது. ஜூனிலிருந்து அக்டோபர் வரை ஐந்து தவணையும் கடைசிக்குப் போகிறது. நவம்பர் 1 முதல் பழைய தவணை. கிரெடிட் ரிப்போர்ட்டில் தாமதம் என்று பதிவானது பதிவானதுதான் என்கிறார்கள். போகட்டும்.

---

தூக்கணாங்குருவி | நவம்பர் 4, இரவு 8:35

இன்று முதல் செவ்வாய். மதியம் சாப்பாட்டு நேரத்தில் சும்மா கவுண்டி இணையதளத்தைத் திறந்து ஏலப் பட்டியலில் எங்கள் தெருப் பெயரைத் தேடிப் பார்த்தேன். இல்லை. இருக்காது என்று தெரியும், இருந்தாலும் பார்த்தேன். அடுத்த தெருவில் ஒரு வீடு இருந்தது. வாசலில் கூடைப்பந்து வளையம் இருக்கும் வீடு. மகளோடு அந்த வழியாக நடப்பதுண்டு, அவர்களிடம் பேசியதில்லை.

நவம்பர் தவணை போய்விட்டது. புது ஸ்டேட்மென்டில் பாக்கி பூஜ்யம். ஆனால் ஒப்புதல் வந்த பிறகும் இன்னொரு ஆய்வுக் கட்டணம் 20 டாலர் ஏற்றியிருக்கிறார்கள்.

---

கறுப்புப்பேனா | நவம்பர் 5, காலை 6:50

விடாதீர்கள். "பிழை அறிவிப்பு" என்று தலைப்பிட்டு எழுதுங்கள். பணம் கட்டும் முகவரிக்கு அனுப்பக்கூடாது, ஸ்டேட்மென்டின் பின்பக்கத்தில் இதற்கென்று தனி முகவரி இருக்கும். 30 வேலை நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

---

தூக்கணாங்குருவி | நவம்பர் 6, மாலை 5:55

அனுப்பிவிட்டேன். சர்டிஃபைட் மெயில் செலவு அந்த 20 டாலரில் பாதி ஆகிவிட்டது, பரவாயில்லை. ஹட்சன்கரை சார், பச்சை அட்டைக்காகக் காத்திருக்கிறேன்.

---

ஹட்சன்கரை | நவம்பர் 6, இரவு 7:20

முதலாவதைவிடச் சீக்கிரம் வரும்.